பழைய இசைத்தட்டுகளும் நமது கடமையும்

கையிலுள்ள பொருளின் அருமை அது கைவிட்டுப் போன பின்னரே புலப்படும் என்பது உலகியல். நம் ஓலைச்சுவடிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். ஆற்றுப் பெருக்கிற்கும் அடுப்பு நெருப்பிற்கும் செல்லுக்கும் இரையாயின போக, எஞ்சியவற்றையே டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் அலைந்து திரட்டி அச்சேற்றினார். அவர் சீவகசிந்தாமணியை வெளியிட்டது 1887-ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டில் எமில் பெர்லினர் என்பார் கிராமபோன் என்னும் கருவிக்கு உரிமைச் சாசனம் பெற்றதும் அதே ஆண்டிலேயாம். ஓரிடத்தில் பழைய நூல் அழிவினின்று மீட்கப்பெற்ற ஆண்டில், மற்றோரிடத்தில் மனிதர் குரலைத் தட்டிற் பொறித்துக் காக்கும் வழி பிறந்தது. ஆயின் இன்று நாம் காணும் நிலை யாது? பல நூறாண்டு கண்ட நூல்கள் காக்கப்பட்டிருக்க, நூறாண்டும் நிரம்பாத இசைத்தட்டுகள் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகின்றன. இத்தட்டுகளை அவரவர் வீட்டிலேயே கணினியின் துணைகொண்டு காத்தல் கூடும் என்பதையும், அங்ஙனம் காக்குங்கால் ஒலியோடு மற்றொன்றையும் சேர்த்துக் காத்தல் வேண்டும் என்பதையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதற்கண் இக்கருவியின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். தாமஸ் எடிசன் 1877-ஆம் ஆண்டில் மெல்லிய ஈயத்தாளிற் குரலைப் பதித்துத் திரும்பக் கேட்பித்தார். அவரது கருவி உருளையைக் கொண்டது. பெர்லினரது கருவி தட்டையான வட்டைக் கொண்டது. ஓர் அச்சினின்று பல்லாயிரம் படிகள் எடுப்பதற்குத் தட்டே ஏற்றதாகலின், உலகம் தட்டையே ஏற்றுக்கொண்டது. 1902-ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனியாரின் ஒலிப்பதிவு வல்லுநராகிய பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார். அக்காலத்து மூலத்தட்டுகள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குக் கப்பலேறிச் சென்று, அங்கே படியெடுக்கப்பட்டு மீண்டும் இந்நாட்டிற்கு வந்தன. பாடியவர் இன்னார் என்பது அயல்நாட்டுத் தொழிலாளர்க்குத் தெரிதற்பொருட்டே, பாட்டின் முடிவில் பாடகர் தம் பெயரைத் தாமே உரக்கக் கூறும் வழக்கம் உண்டாயிற்று. 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அழுத்தும் ஆலை ஒன்று அமைந்தது. பின்னர்த் தும்தும் ஆலையின் பெயர் நாடெங்கும் பரவியது.

தமிழ்நாட்டில் இசைத்தட்டின் பொற்காலம் 1930-களில் தொடங்கிற்று எனலாம். ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் கூட்டாளிகளுடன் சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளைத் தமிழர் இல்லங்களுக்குக் கொண்டுசேர்த்தது. கச்சேரிக் கீர்த்தனமும், நாடக மேடைப் பாட்டும், தேசியப் பாட்டும், நகைச்சுவை உரையாடலும் திண்ணைக்கு வந்தன. சபையில் நுழைவதற்குச் சீட்டு வாங்க வகையற்றவரும், சாதியாலோ தூரத்தாலோ தடுக்கப்பட்டவரும், திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தெருவில் நின்று கேட்டனர். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்து 1933-இல், தம் 27-ஆம் வயதில், மறைந்தார். தமிழிற் பேசும்படம் 1931-லேயே தோன்றிவிட்டதெனினும், அவர் எப்படத்திலும் நடித்தாரில்லை. ஆகலின் அவரது குரல் இன்று நம் செவிக்கு எட்டுவது இசைத்தட்டு ஒன்றினாலேயாம். அத்தட்டுகள் இல்லையேல், கிட்டப்பா என்பது பாட்டனார் புகழ்ந்து கூறும் ஒரு பெயராகவே நின்றுபோயிருக்கும்.

இனி எம் ஊருக்கு வருவோம். மல்லாங்கிணறு விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடைப்பட்ட கரிசற் பூமியில் உள்ளது. அங்கிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வரையிலும் வானம் பார்த்த நிலமே மிகுதி. கண்மாய் பெருகிய ஆண்டில் நெல்லும், பெருகாத ஆண்டிற் பருத்தியும் கம்பும் குதிரைவாலியுமாகக் காலம் கழிப்பவர் இவ்வட்டாரத்தார். இத்தகைய ஊரில் இசைத்தட்டுக்கு இடம் ஏது என வினவுவாரும் உளர். உண்மை யாதெனில், மின்சாரம் எட்டாத ஊர்களே சாவி முடுக்கும் பாட்டுப்பெட்டியை நெடுங்காலம் தாங்கி நின்றன. மேலைநாடுகளில் 1960-ஆம் ஆண்டளவில் வழக்கொழிந்த 78 சுற்றுத் தட்டு, இந்தியாவில் அப்பத்தாண்டின் பிற்பகுதி வரையிலும் அழுத்தப்பட்டது. இங்கிலாந்து நாட்டுப் பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டுகூட இந்தியாவில் 78 சுற்றுத் தட்டாக வெளிவந்தது என்றால், அதற்குக் காரணம் நம் சிற்றூர்களில் எஞ்சியிருந்த சாவிப் பெட்டிகளே அன்றோ?

மின்சாரம் வந்தபின் தட்டு தனியார் வீட்டை விட்டு ஊர்ப்பொதுவாயிற்று. அதனை ஆண்டவர் மைக்செட்டுக்காரர். பங்குனிப் பொங்கல், கல்யாணம், காதுகுத்து, சடங்கு ஆகிய எதுவாயினும், வேப்பமரத்தின் உச்சியில் குழாய் ஒலிபெருக்கி ஏறிய பின்னரே விசேஷம் தொடங்கியதாகக் கருதப்படும். சீர்காழி கோவிந்தராஜன் பாடிய விநாயகர் பாட்டு முதலில் ஒலிக்கும். பின்னர் எல். ஆர். ஈசுவரியின் அம்மன் பாட்டு, நாகூர் ஹனீபாவின் பாட்டு, கிறிஸ்தவக் கீர்த்தனை என வீட்டுக்கும் விழாவுக்கும் ஏற்ப வரிசை மாறும். நள்ளிரவு கடந்தபின் வருவன கதைவசனத் தட்டுகள். வீரபாண்டிய கட்டபொம்மன் 1959-இலும் திருவிளையாடல் 1965-இலும் திரைக்கு வந்தன. அருப்புக்கோட்டைக்கோ விருதுநகருக்கோ சென்று படம் காண இயலாத முதியோரும், எழுத்தறியாப் பெண்டிரும், அவ்வசனங்களைத் தட்டின் வாயிலாகவே மனப்பாடம் செய்தனர். தூய தமிழ்ச் சொற்றொடர் பள்ளிக்கூடம் போகாதவர் நாவிலும் தவழ்ந்தமைக்கு இத்தட்டுகளும் ஒரு காரணம் என்பது எம் துணிபு. 1980-களிற் கேசட்டு வந்தது. பின்னர்ச் சிடி வந்தது. இப்பொழுது கைப்பேசியே யாவுமாயிற்று. தட்டுகளோ பரணேறின.

பரணேறிய தட்டின் நிலையைச் சிறிது ஆராய்வோம். 78 சுற்றுத் தட்டின் உயிர்ப்பொருள் அரக்கு. அது சோட்டா நாகபுரி முதலிய காட்டுப் பகுதிகளில் மரக்கொம்பைப் பற்றி வாழும் சிறு பூச்சியின் கசிவு. கற்பொடியும் கரியும் கூட்டி அதனை அழுத்தித் தட்டாக்கினர். உலகெங்கும் சுழன்ற தட்டுகளுக்கு அரக்கு அளித்தது பெரும்பாலும் நம் நாடே. இரண்டாம் உலகப்போரின்போது அரக்கு கிடைப்பது அரிதாகவே, 1942-இல் அமெரிக்க அரசு தட்டுக்குச் செலவாகும் அரக்கை எழுபது விழுக்காடு குறைத்தது. பழைய தட்டை உடைத்து அரைத்துப் புதிய தட்டு ஆக்கினர். 1948-இல் வினைல் என்னும் செயற்கைப் பொருளால் ஆகிய, 33⅓ சுற்று நெடுந்தட்டு வந்தது. அரக்குத் தட்டு கைதவறினால் ஓடுபோல் உடையும். வினைல் தட்டு உடையாது, ஆயின் வெப்பத்தில் நெளியும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரண் எத்தகைய உலை என்பதை எம் பக்கத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. படுக்கையாக அடுக்கிய தட்டுகள் ஒன்றன் பாரத்தால் ஒன்று வளையும். கறையானோ உறையையும், நடுவிலுள்ள பெயர்த்தாளையும் தின்றுவிடும். பெயர்த்தாள் போன தட்டு, முகவரி அழிந்த கடிதத்திற்கு ஒப்பாம்.

இத்தட்டுகளின் ஒலியைக் கணினியில் ஏற்றுதல் பெரிய ஸ்தாபனங்களுக்கே உரிய காரியம் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. அதற்கு வேண்டுவன தட்டுச் சுழற்றி, தக்க ஊசி, சிறு பெருக்கி, ஒலியை எண்ணாக்கும் மாற்றுப்பெட்டி, கணினி ஆகிய ஐந்தே. சுழற்றி வாங்குவோர் அதில் 78 சுற்று உண்டா என்பதை முதலிற் காண்க. பல சுழற்றிகளில் 33⅓, 45 ஆகிய இரண்டு மட்டுமே உள்ளன. ஊசியில் கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். அரக்குத் தட்டின் வரிப்பள்ளம் அகன்றது. அதற்குரிய ஊசிமுனை ஏறத்தாழ 75 மைக்ரான் ஆரமுடையது. வினைல் தட்டிற்கு ஏறத்தாழ 18 மைக்ரான் போதும். சிறிய ஊசியைப் பெரிய பள்ளத்தில் இட்டால் அஃது அடியிற் படிந்த அழுக்கை உழுதுகொண்டு செல்லும். பாட்டினும் இரைச்சலே மிகும். சாவிப்பெட்டியின் எஃகு ஊசியை வினைல் தட்டில் இடுதலோ அத்தட்டைக் கொல்லுதலேயாம்.

பெருக்கிக்கு மற்றொரு வேலையும் உண்டு. தட்டிற் பொறிக்குங்கால் தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உயர்ந்த ஒலியை மிகுத்தும் பொறிப்பர். கேட்குங்கால் அதனை மறுதலையாகத் திருத்திக்கொள்ள வேண்டும். இத்திருத்தத்திற்கு 1954-ஆம் ஆண்டளவில் ஒரு பொது அளவை ஏற்பட்டது. அதற்கு முற்பட்ட தட்டுகளில் கம்பெனிதோறும் அளவு வேறுபடும். அடுத்து மாற்றுப்பெட்டி. ஆடியோ இன்டர்பேஸ் எனக் கடைக்காரர் கூறும் இச்சிறு கருவி, ஒலியலையின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்கிக் கணினிக்கு அளிக்கின்றது. சிடி என்னும் வட்டில் நொடிக்கு 44,100 முறை அளந்தனர். காப்பகத்தாரோ 96,000 முறை, 24 பிட் நுட்பத்தில் அளத்தலை விரும்புவர். அம்முறையில் ஒரு நிமிட ஒலிக்கு ஏறக்குறைய 35 மெகாபைட் இடம் வேண்டும். மூன்றரை நிமிடம் ஓடும் ஒரு பக்கத்திற்கு 120 மெகாபைட். நூறு பக்கங்களுக்கு 12 ஜிகாபைட். விரலளவு பென்டிரைவ் ஒன்றில் ஒரு பெட்டித் தட்டுகள் முழுதும் அடங்கும் என்பது இதனாற் பெறப்படும். பதிவுக்குரிய ஆடாசிட்டி என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கின்றது.

பதிவு செய்யுமுன் தட்டைத் தூய்மை செய்க. வாலைவடித்த நீரில் ஒரு துளி மென்மையான சோப்புக் கரைசல் இட்டு, மெல்லிய தூரிகையால் வரியின் போக்கிலேயே துடைத்து, பெயர்த்தாள் நனையாமற் காத்து, நிழலில் உலர்த்துக. அரக்குத் தட்டில் ஸ்பிரிட்டு ஒருபோதும் படலாகாது. தச்சர் அரக்கை ஸ்பிரிட்டிற் கரைத்தன்றோ மரத்திற்கு மெருகு ஏற்றுகின்றனர்! அடுத்து ஒலியின் அளவு. கணினித் திரையில் ஒலியின் முகடு உச்சியைத் தொடாதவாறு பார்த்துக்கொள்க. உச்சியில் முட்டி நசுங்கிய ஒலியைப் பின்னர்ச் சீர்செய்தல் அரிது. மூலப்படியை வேவ் என்னும் சுருக்காத வடிவிற் சேமித்து, கைப்பேசியிற் கேட்பதற்கு மட்டும் எம்பி3 படி எடுத்துக்கொள்க. இரைச்சல் நீக்கும் வித்தைகளையெல்லாம் படியின் படியில் செய்து பார்க்கலாம். மூலப்படியைத் தொடுதல் கூடாது.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். 78 என்று தாளில் அச்சிட்டிருப்பினும், பழைய தட்டுகள் யாவும் அதே வேகத்திற் பதிவானவை அல்ல. வேகம் ஏறக்குறைய ஆறு விழுக்காடு மிகுந்தால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். உச்சக் குரலுக்குப் புகழ்பெற்ற நாடக நடிகரின் தட்டை விரைவாகச் சுழலவிட்டு, அவர் குரலே அத்தகையது எனப் போற்றுதல் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பின்னணியில் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் கட்டையோடு ஒத்துப் பார்க்கத் தெரிந்தவரை அருகே வைத்துக்கொள்ளுதல் நலம். ஊர்தோறும் ஒரு ஆர்மோனியக்காரராவது இன்னும் எஞ்சியிருத்தலின் இஃது அரிதன்று.

இம்மட்டும் கூறியது கருவியின் முறை. இனி எம் கட்டுரையின் நோக்கத்தைக் கூறுவோம். ஒலியை மட்டும் காத்து, அத்தட்டைப் பற்றிய செய்தியைக் காவாது விடுதல், உரையின்றி மூலத்தை மட்டும் பதிப்பித்தலை ஒக்கும். ஒரு தட்டின் உரை யாது? அதனை யார் வாங்கினார், எந்த ஊரில் எந்த விழாவில் அஃது ஒலித்தது, எந்த இடத்தில் ஊரார் மறுமுறை கேட்டனர், எந்த வீட்டில் அதனை ஒலிக்கவிடலாகாது என்பனவே. இச்செய்திகள் கல்கத்தாவிலும் இல்லை, இலண்டனிலும் இல்லை. அவற்றை அறிந்தவர் அவ்வூரில், அத்தெருவில், அந்தத் திண்ணையில் உள்ளனர். அவர்களும் நெடுநாள் இரார்.

எம் ஊரில் முன்னாளில் மைக்செட்டு வைத்திருந்த பெரியவர் ஒருவரின் தகரப்பெட்டியைத் திறந்து, அதிலிருந்த தட்டுகளைக் கணினியில் ஏற்றும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. பல தட்டுகளின் பெயர்த்தாளில் வெள்ளை வர்ணப் புள்ளிகளும், நீலப் பென்சிற் கோடுகளும் இருந்தன. அவை அழுக்கென்றே எண்ணினார் உடனிருந்த இளைஞர். பெரியவரோ அவற்றைத் தம் கணக்கேடு என்றார். புள்ளியிட்டவை பெண்ணழைப்புக்கு உரியன. கோடிட்டவை இழவு நிகழ்ந்த ஆண்டு கழியாத வீட்டில் இடலாகாதன. ஒரு தட்டின் மீது சிறு பெருக்கற்குறி இருந்தது. "ஐயா, இஃது என்ன குறி?" என வினவினோம். அந்தப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தபோது ஒரு திருமண வீட்டில் மணமகளின் தந்தை மாரடைப்பால் உயிர்நீத்தார் என்றும், அன்றுமுதல் அத்தெருவில் அப்பாட்டைத் தாம் இட்டதேயில்லை என்றும் கூறி, சற்று நேரம் வாளாவிருந்தார். அந்தப் பாட்டை இணையத்தில் எவரும் கேட்கலாம். அந்தக் குறியின் பொருளை வேறெங்கே காண்பது?

அப்பெட்டியிலிருந்த கதைவசனத் தட்டு ஒன்றில் ஒரு விரற்கடை அகலத்திற்கு வரிகள் வெளுத்துத் தேய்ந்திருந்தன. அவ்விடத்தில் வசனம் சரசரப்பினூடே மங்கலாகவே கேட்கும். அரசவையிற் புலவன் நிமிர்ந்து நின்று வாதிடும் இடம் அது. ஊரார் மீண்டும் மீண்டும் கேட்டமையால் ஊசி அவ்விடத்திலேயே மீண்டும் மீண்டும் வைக்கப்பட்டதாம். கம்பெனியார் வெளியிட்ட தெளிவான படியில் அவ்வசனம் நன்றாகக் கேட்கும். ஆனால் எம் ஊரார் எதை விரும்பினர் என்பது அதில் இராது. தேய்ந்த வரியே அவ்விருப்பத்தை எழுதிவைத்த சாசனம். இரைச்சல் முழுவதையும் துடைத்தெறிவோர் இச்சாசனத்தையும் துடைத்தெறிகின்றனர். பாட்டு முடிந்தது எனக் கருதி இறுதிச் சில நொடிகளை வெட்டிவிடுவோர், முன்னர்க் கூறியவாறு பாடகர் தம் பெயரைத் தாமே கூறும் குரலையும் இழக்கக்கூடும். ஆதலின் ஊசி தட்டிற் படும் ஓசை தொடங்கி, அதனை எடுக்கும் ஓசை ஈறாக, மூலப்படியில் யாவும் இருத்தல் வேண்டும் என்பது எம் கொள்கை.

அப்பெரியவர் கூறியவற்றையும் அதே மாற்றுப்பெட்டியில் ஒலிவாங்கியை இணைத்துப் பதிவு செய்தோம். பாதித் தட்டுகளுக்கு உரை கிடைத்தது. அடுத்த மழைக்காலத்தில் அவர் காலமானார். எஞ்சிய தட்டுகளின் பாட்டு நன்றாகவே ஒலிக்கின்றது, குறிகளோ ஊமையாயின.

இதற்கு மாறாகக் கூறப்படும் வாதங்களை இனி நோக்குவோம். பழம்பாட்டு யாவும் இணையத்தில் உள்ளனவே, வீண் உழைப்பு எதற்கு என்பர் சிலர். புகழ்பெற்ற திரைப்பாட்டைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் மெய்யே. அவற்றை மீண்டும் ஏற்றுதல் இன்றியமையாததன்று. ஆயின் விற்பனை குறைந்த நாடகத் தட்டும், சிறு கம்பெனிகள் வெளியிட்ட தட்டும், ஒரு வட்டாரத்து நாயனக்காரரின் தட்டும் எல்லாம் அங்கே உள்ளன என்று எவரும் உறுதி கூற இயலாது. அன்றியும், இணையத்தில் உள்ளவை எத்தட்டிலிருந்து, எந்த ஊசியால், எந்த வேகத்தில் எடுக்கப்பட்டன என்னும் குறிப்பு இன்றியே பெரும்பாலும் உலவுகின்றன. இன்று இருப்பது நாளை நீக்கப்படவும் கூடும். பிறர் வீட்டுக் குதிரில் நெல் இருப்பது நம் வீட்டு அடுப்பை எரியச் செய்யுமோ?

இது நூலகங்களின் கடமை என்பர் வேறு சிலர். நூலகங்கள் தம் கடமையைச் செய்தே வருகின்றன. மும்பையில் 1990-இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியால், ஓடியன், யங் இந்தியா ஆகிய முத்திரைகளின் தட்டுகளை எண்வடிவில் ஆக்கினர். ஆனால் அத்தட்டுகள் எங்கிருந்து வந்தன? தனியார் தம் வீட்டில் உடையாமற் காத்தமையாலன்றோ வந்தன! நம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் தொழிலுடையவர். அவர் நூல்களோடு நாடக நோட்டீசு, திருமண அழைப்பு, சினிமாப் பாட்டுப்புத்தகம் என, பிறர் குப்பை என்று எறிந்தவற்றையும் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையால் அத்தொகுதி சென்னையில் 1994-இல் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஒரு வீட்டில் ஒருவர் காவாதிருந்தால் அந்நூலகத்திற்குக் காக்க என்ன இருந்திருக்கும்? வீடே முதற் காப்பகம். நூலகம் அதன் வழித்தோன்றல்.

சட்டம் இடந்தருமோ என அஞ்சுவாரும் உளர். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவு ஒன்றன் உரிமை அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நிலைக்கும். ஆகவே 1960-க்கு முற்பட்ட தட்டுகளில் ஒலிப்பதிவின் உரிமை கழிந்தது. பாட்டை இயற்றியவர், இசையமைத்தவர் ஆகியோரின் உரிமை அவர்தம் மறைவுக்குப்பின் 60 ஆண்டு வரை தனியே நிற்கும் என்பதை மறத்தலாகாது. தம் வீட்டுத் தட்டைத் தம் சொந்தப் பயனுக்கும் ஆராய்ச்சிக்கும் பதிவு செய்துகொள்ள அச்சட்டம் இடந்தருகின்றது. ஊருக்கெல்லாம் வெளியிடுவதும் விற்பதும் வேறு. இவ்வெல்லையை அறிந்து நடப்பார்க்கு அச்சம் வேண்டுவதில்லை.

கணினியில் ஏற்றியபின் தட்டை எறிந்துவிடலாம் என்று கருதுவோர்க்கும் ஒன்று கூறுவோம். கணினியின் வட்டு பத்தாண்டு நிலைப்பதும் உறுதியன்று. பென்டிரைவ் ஒருநாள் காரணமின்றியே வாய்மூடிவிடும். தொண்ணூறு ஆண்டுக்கு முன் அழுத்திய தட்டோ, உடையாதிருப்பின் ஓர் ஊசி முனையில் இன்றும் பாடுகின்றது. ஆகவே எண்வடிவம் தட்டுக்கு மாற்று அன்று, அதற்குத் துணை. ஒரு படி கணினியிலும், ஒரு படி தனி வட்டிலும், ஒரு படி வேற்றூரில் உள்ள உறவினர் வீட்டிலுமாக மூன்று படிகள் வைத்து, தட்டை நெட்டுக்குத்தாக நிறுத்தி, வெயில் படாத அறையில் வைத்துக் காத்தலே முறை.

செய்தியோடு கூடிய ஒலிக்கு எத்துணை மதிப்பு உண்டு என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணக்கெடுப்பின் சார்பில், 1913 முதல் 1929 வரையில் இந்நாட்டின் பல மொழிகளும் வட்டார வழக்குகளும் கிராமபோன் தட்டிற் பதிவு செய்யப்பட்டன. மொழிகளை ஒப்புநோக்குதற்பொருட்டு ஒரே கதையைப் பலரும் தத்தம் மொழியிற் கூறுமாறு செய்தனர். அக்கதை, விவிலியத்தில் வரும் கெட்ட குமாரன் உவமையாம். சென்னை மாகாணத்தாரின் குரல்களும் அவற்றுள் உண்டு. அத்தட்டுகள் இன்று எண்வடிவிற் சிகாகோ பல்கலைக்கழகத்தாரால் யாவரும் கேட்குமாறு வைக்கப்பட்டுள்ளன. அவை இன்றும் பயன்படுவதற்குக் காரணம், இம்மொழி, இவ்வழக்கு என்னும் குறிப்பு ஒவ்வொன்றோடும் எழுதிவைக்கப்பட்டமையே. அக்குறிப்பு இல்லையேல், அவை யாரோ எங்கோ பேசிய பேச்சாகவே முடிந்திருக்கும். தூரதேசத்தாரை நாடிச் சென்று தந்தையை மறந்த அவ்விளைஞனின் கதையை நாம் நன்கு அறிவோம். நம் குரல்களும் தூரதேசத்திலேயே பத்திரமாய் இருக்க, தந்தையார் வீட்டுப் பரண் வெறுமையாகலாமோ?

ஆதலின் நம் கல்லூரியார்க்கும் மாணவ நண்பர்க்கும் நாம் விண்ணப்பித்துக்கொள்வன சில. கல்லூரியில் 78 சுற்றுச் சுழற்றி ஒன்றும், இருவகை ஊசியும், மாற்றுப்பெட்டி ஒன்றும் வாங்கிவைத்து, விடுமுறைதோறும் ஊருக்குச் செல்லும் மாணவர்க்கு, நூல் வழங்குதல்போல் வழங்குதல் வேண்டும். இதற்கு ஆகும் செலவு, ஒரு விழாவின் பந்தற் செலவினும் மிகாது. மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரிலுள்ள பழைய மைக்செட்டுக்காரரையும், பாட்டுப்பெட்டி வைத்திருந்த குடும்பத்தாரையும் ஒருமுறையேனும் கண்டு வருக. தட்டைக் கேட்குமுன் அவர்கள் சொல்லைக் கேட்க. பெயர்த்தாளையும் உறையையும் படமெடுக்க. தாளில் உள்ள எண்ணையும், அரக்கிலேயே பொறித்துள்ள எண்ணையும் எழுதிக்கொள்க. அதன்கீழ் தட்டின் உரையை, கூறியவர் கூறிய சொல்லிலேயே எழுதுக. தட்டை அவர்களிடமே திரும்ப ஒப்படைத்து, ஒலியின் படியையும் அவர்களுக்கு அளித்து வருக. பெரியோரிடமிருந்து தட்டைப் பெற்று மீளாது போவோர், கறையானினும் கொடியர்.

இப்பணியில் புகழ் சிறிது. பொருள் அறவே இல்லை. ஒரு பக்கத்தைப் பதிவு செய்ய, அப்பக்கம் ஓடும் நேரம் முழுதும் அருகில் இருந்தே தீரவேண்டும், விரைவுபடுத்த வழியில்லை. எல்லாவற்றையும் விரைந்து முடிக்கும் இக்காலத்தில், மூன்றரை நிமிடம் அசையாதிருந்து ஒரு பாட்டை முழுதும் கேட்கும் பயிற்சி மாணவர்க்குத் தீங்கு செய்யாது. ஓலையிற் கிடந்த தமிழை நம் முன்னோர் தாளில் ஏற்றினர். அரக்கிற் கிடக்கும் தமிழை எண்ணில் ஏற்றுதல் நம் பங்கு. அதற்கு உரை சொல்லவல்லார் இன்னும் சில ஆண்டுகளே நம்மோடு இருப்பர். வரும் கோடை விடுமுறையிலேயே அவர்கள் வாயிலிற் சென்று நிற்போமாக.